நாலு சென்ட்டில் ஆயிரம் அடி

என் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு மண்ணைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் ஓட்டை போடுவது. மீசை முளைக்கும் முன்னே ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் எடுபிடியாக ஏறியவர், தலை நரைக்கும்வரை நாடு முழுக்க ஓட்டை போட்டார். மத்தியப் பிரதேசத்தில் போட்டார், ஒடிசாவில் போட்டார், ராஜஸ்தான் மணலில்கூடப் போட்டார். தண்ணீர் வந்த ஓட்டைகளைப் பற்றி இன்றுவரை பேசுகிறார். வராத ஓட்டைகள் எத்தனை என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வாய் அதிகம் என்று உறவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதிகம்தான். அக்கா புருஷனைக் கேலி செய்யக் கொழுந்தியாளுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? என் பெயர் அகல்யா. தெருவுக்குத் தெரு ரிக்காரர்கள் இருக்கும் திருச்செங்கோட்டில், அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில், நைட்டி தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். காலையில் மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பின்கட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கையில் ஏதாவது கீரையோ காயோ வாங்கிக்கொண்டு வருவது என் வழக்கம். அந்தப் பின்கட்டில் நடந்த அநியாயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

மாமாவைப் பற்றி முதலில் நியாயமாக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு நேரம் இருக்காது. உழைத்தார். வானம் பார்த்த காட்டில் பிறந்து, எடுபிடியாக இருந்து டிரில்லராகி, டிரில்லராக இருந்து பங்குதாரராகி, கடைசியில் சொந்தமாக ஒரு ரிக் வாங்கினார். குடிக்கவில்லை. பிள்ளையைப் படிக்க வைத்தார். அவ்வளவுதான் நியாயம். மற்றபடி வருஷத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே இருப்பார், அங்கே மழை பிடித்து வேலை நின்றால் ஊருக்கு வருவார். வந்த நாளெல்லாம் கட்டிலில் சாய்ந்துகொண்டு, எந்தப் பாறையை எப்படி உடைத்தார் என்று சொல்வார். எதைச் சொன்னாலும் அந்தக் கதையின் முடிவு ஒன்றுதான். எல்லோரும் நிறுத்தச் சொன்னார்களாம், இவர் இன்னும் ஆழம் போகச் சொன்னாராம், தண்ணீர் பீறிட்டதாம். பாறையே இவருக்குப் பயந்து வழிவிட்டது போலத்தான் பேச்சு இருக்கும்.

இப்படி அவர் ஊர் ஊராக ஓட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் என் அக்கா சௌந்திரம் வீட்டுக்குப் பின்னால் இருந்த நாலு சென்ட் காலி இடத்தைத் தோட்டமாக்கினாள். கல்யாணமாகி வந்தபோது அது சீமைக்கருவேல முள்ளும் உடைந்த ஓடும் கிடந்த இடம். முள்ளை அவளே வெட்டினாள். கல்லை அவளே பொறுக்கினாள். ஆட்டுப் புழுக்கையைக் கூடையில் சுமந்து வந்து கொட்டினாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி அந்தப் பக்கம் திருப்பினாள். ஓரமாக அவரைப் பந்தல், நடுவில் வெண்டையும் கத்தரியும், ஈரம் தங்கும் மூலையில் தண்டங்கீரை, சுவரோரம் தானாக முளைத்த சுக்குட்டிக் கீரை, மற்ற ஊர்களில் மணத்தக்காளி என்பார்கள். கறுப்பாகப் பழுக்கும் சுக்குட்டிப் பழத்துக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் சுவர் ஏறிக் குதிக்கும். வீடு மாமாவின் பெயரில், வண்டி மாமாவின் பெயரில், பிள்ளைக்கும் மாமாவின் இனிஷியல். அந்த நாலு சென்ட்டை மட்டும் ஊரில் எல்லோரும் சௌந்திரத்தின் தோட்டம் என்றார்கள். அக்காவுக்கென்று இந்த உலகத்தில் இருந்த இடம் அது ஒன்றுதான். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் அவள் அங்கே நிற்கும்போது மட்டும் வேறு ஆளாக இருப்பாள். யாரையும் கேட்காமல் பிடுங்குவாள், யாரையும் கேட்காமல் நடுவாள்.

மாமா அந்தத் தோட்டத்தில் கால் வைத்ததில்லை. தட்டில் கீரை கடைந்து வைத்தால், ஆட்டுக்குப் போடுவதைத் தனக்கு ஏன் போடுகிறாள் என்று ஒதுக்கிவிட்டுக் கோழிக் குழம்பைத் தேடுவார். இந்த நாக்குதான் பின்னால் பச்சை இலையை மென்று தின்று ஊருக்கே பாடம் நடத்தியது.

ரிக்கை விற்றுவிட்டு நிரந்தரமாக வீட்டுக்கு வந்தவருக்குச் சர்க்கரை இருப்பதை டாக்டர் கண்டுபிடித்தார். அதோடு, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். இரண்டாவது நோய்தான் மோசமானது. காலையில் எழுந்து மின்மோட்டாரைப் போடுவது, அணைப்பது, மறுபடி போட்டுப் பார்ப்பது என்று கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு பெங்களூரில் மகன் சந்தோஷ்குமார் வீட்டுக்குப் போனார். அங்கே மருமகள் தேவிப்ரியா அவரை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் சுருண்ட பச்சை இலைகளும் சிவப்பு இலைகளும் வந்திருக்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன் இதைச் சாப்பிட வேண்டும், இதற்கு லெட்யூஸ் என்று பெயர் என்று அந்தப் பெண் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவள் மேல் குற்றம் இல்லை. மாமா அந்த இலையை மென்றபடி, இது திருச்செங்கோட்டில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அங்கே யாரும் போடுவதில்லை மாமா என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

யாரும் போடுவதில்லை. அந்த ஒரு வார்த்தை போதும் எங்கள் மாமாவுக்கு. சட்டைப்பையில் விதைப் பொட்டலங்களோடுதான் ஊருக்கு வந்து இறங்கினார். ஒரு பொட்டலத்தின் மேல் அச்சடித்திருந்த தோட்டத்துக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. அதைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்கலாம். எங்கள் ஊரில் பின்னால் தெரிவது திருச்செங்கோட்டு மலை. பங்குனியில் அதன் மேல் தோசை சுடலாம்.

ஐப்பசியில் ஒரு நாள், மோகனூரில் ஒரு சீர் விசேஷத்துக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். சாயங்காலம் திரும்பி வந்து பின்கதவைத் திறந்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தோட்டம் இல்லை. பந்தல் இல்லை, வெண்டை இல்லை, காய்த்துத் தொங்கிய பீர்க்கை இல்லை. தரை ஒரே சீராக, மொட்டையாகக் கிடந்தது. நாலு சென்ட் இடத்துக்கு மனிதர் பொக்லைன் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். மண்வெட்டி என்று ஒரு சாமான் இருப்பது ரிக்காரர்களுக்குத் தெரியாது. ஓரத்தில், மண்ணோடு மண்ணாக, அவரைக் கொடியின் வேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. விதைக்கென்று அக்கா கொடியிலேயே விட்டு முற்ற வைத்திருந்த காய்கள் எல்லாம் சக்கரத்தடியில் போயிருந்தன.

அக்கா சத்தம் போடவில்லை. அவள் போட்டிருந்தால் எனக்காவது ஆறுதலாக இருந்திருக்கும். இங்கே என்ன வைக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். மாமா கைபேசியில் லெட்யூஸ் படங்களைக் காட்டினார். மகனுக்கு, மருமகளுக்கு, தன் சர்க்கரைக்கு என்று காரணங்களை அடுக்கினார். அக்கா படத்தைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன தோன்றியதோ, அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஒரு போகம் பாரு, சௌந்திரம். வரலேன்னா உன்ற எடம் உனக்கே" என்றார்.

நான் அதைக் காதால் கேட்டேன். அவளும் கேட்டாள். பெருந்தன்மையாகப் பேசிவிட்டதாக நினைத்து அவரே மீசையைத் தடவிக்கொண்டார். அவளுடைய இடத்தை அவளிடமிருந்து பிடுங்கி, அவளுக்கே திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்கும் பெருந்தன்மை.

அதன் பிறகு நடந்த கூத்தை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணையிலிருந்து டிப்பர் நிறையக் கோழி எரு வந்தது. நாலு சென்ட்டுக்கு ஒரு டிப்பர். அதுவும் மக்காத பச்சை எரு. தெருவில் ஒருவரும் வாய் திறந்து மூச்சு விட முடியவில்லை. என் யூனிட்டில் தைக்கும் பெண்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தைத்தார்கள். முதலில் நட்ட நாற்றுகள் அந்த எருவின் சூட்டில் வெந்து செத்தன. அதற்கு அவர் விதைக்காரனைத் திட்டினார். பாதி எருவை அள்ளி எடுத்துவிட்டு, பச்சை நிழல்வலை கட்டி, மறுபடி நட்டார். அப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. மலைப்பக்கமிருந்து ஈரக் காற்று, விடிகாலையில் பனி. அந்தப் புண்ணியத்தில் லெட்யூஸ் வந்தது. நன்றாகவே வந்தது. பொய் சொல்ல மாட்டேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. சுருட்டை முடிக்காரப் பிள்ளைகள் வரிசையில் நின்ற மாதிரி இருந்தது.

வந்தது பனிக்கு. பெயர் மாமாவுக்கு. தலைகால் புரியவில்லை மனிதருக்கு. பழைய ரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் சாமி படத்துக்குப் பதில் லெட்யூஸ் படம் போட்டார். வீடு வீடாகப் பையில் போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, வேகவைக்கக் கூடாது, கடையக் கூடாது, தாளிக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டு வேறு போனார். எங்கள் பக்கத்தில் பச்சையாக இலை தின்னும் மனிதர்கள் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் அதைக் கடலைமாவில் தோய்த்துப் பஜ்ஜி போட்டார்கள். எதிர் வீட்டில் ஆட்டுக்கு வைத்தார்கள். ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

தை பிறந்ததும் தன் சிநேகிதர் வெங்கடாசலத்தையும் இன்னும் சிலரையும் விருந்துக்குக் கூப்பிட்டார். வெங்கடாசலம் இன்னும் ரிக் ஓட்டுகிறவர், மாமாவின் பழைய கூட்டாளி. இலையைப் போட்டு, மட்டன் வருவதற்கு முன் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணம் லெட்யூஸ் வைக்கச் சொன்னார் மாமா. மேலே வெள்ளையாக ஏதோ ஊற்றியிருந்தது. ஆளுக்குப் பாதி இந்தியாவைத் தோண்டிய மனிதர்கள், இதை எந்தப் பக்கமிருந்து தோண்டுவது என்று தெரியாமல் முழித்தார்கள். வெங்கடாசலம் கடைசிவரை அதை இலை அலங்காரம் என்றே நினைத்து ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மட்டனுக்குக் காத்திருந்தார். மாமா மட்டும் கறுக்முறுக்கென்று மென்றபடி வைட்டமின்களைப் பற்றிப் பேசினார். வாழ்நாள் முழுக்கக் கீரையை ஒதுக்கிய வாய் அது. அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தாள்.

இதில் என்னால் சகிக்க முடியாதது ஒன்று. அந்த மாதங்களில் அக்கா உழவர் சந்தைக்குப் போய்க் காய் வாங்கினாள். ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, வதங்கிய தண்டங்கீரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்கினாள். அங்கே விற்கும் பெண்கள் சிலருக்கு அவளைத் தெரியும். ஏனுங்கக்கா, உங்க தோட்டம் என்னாச்சு என்று கேட்பார்களாம். இவள் சிரித்து மழுப்பிவிட்டு வருவாளாம். எனக்குத் தர அவளிடம் ஒன்றும் இல்லை. காலையில் போனால் காபி மட்டும் குடித்துவிட்டு வெறுங்கையோடு வருவேன். வாசல்வரை வந்து, கை பழக்கத்தில் முந்தானையைத் துழாவுவாள். அப்புறம் கையை எடுத்துவிடுவாள்.

மாசி பிறந்தது. வெயில் ஏறியது. லெட்யூஸ் குட்டையாகக் குந்தியிருந்தது போய்த் திடீரென்று உயர ஆரம்பித்தது. ஒவ்வொரு செடியும் நடுவில் தண்டு விட்டு முழங்கால் உயரம் வளர்ந்தது. மாமா அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டு, பாருங்கள் வளர்ச்சியை என்று எழுதினார். அடுத்த நாள் இலையைக் கடித்தவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இலையைக் கிள்ளினால் எருக்கஞ்செடி மாதிரிப் பால் வந்தது. கசப்பென்றால் வேப்பங்கொழுந்தே பரவாயில்லை என்கிற கசப்பு. இனி அது பூத்து விதையாகிச் சாகும், அவ்வளவுதான். அது கெட்டித்தனம் தேவைப்படும் விஷயமே இல்லை. வெயிலுக்குப் பயிர் முற்றிவிட்டது என்று சொல்ல, கண் இருந்தால் போதும்.

அக்கா அன்றைக்குத்தான் கேட்டாள். போகம் முடிந்துவிட்டதே, செடிகளைப் பிடுங்கிவிடட்டுமா, சித்திரையில் மழை விழுந்தால் நான் ஏதாவது போட்டுக்கொள்கிறேனே என்று. ஒரு கையில் களைக்கொத்தையும் எடுத்து வந்திருந்தாள். எத்தனை மாதமாக அந்த நாளுக்குக் காத்திருந்தாளோ.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. போகம் இன்னும் முடியவில்லையாம். கசப்புக்குக் காரணம் தண்ணீராம். வீட்டுப் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டதாம், மேல்மட்டத் தண்ணீர் இப்படித்தான் இருக்குமாம். ஆழம் போனால் நல்ல தண்ணீர் கிடைக்குமாம், நல்ல தண்ணீர் விட்டால் லெட்யூஸ் இனிக்குமாம். கசக்கிற இலைக்கு மருந்து, பூமிக்குள் போவது. இந்த யோசனை வேறு எந்த ஊர்க்காரனுக்காவது வருமா? வேறு ஊராக இருந்தால் வலையை மாற்றியிருப்பான், விதையை மாற்றியிருப்பான், அதிகம் போனால் விட்டுத் தொலைத்திருப்பான். எங்கள் ஊர்க்காரன் ரிக்கைக் கூப்பிட்டான்.

பங்குனியில் நல்ல நாள் பார்த்தார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நாலு சென்ட்டுக்குள் மேலும் கீழும் நடந்தார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக நிமிர்ந்து நிற்கும் என்பது கணக்கு. நான் பார்த்தவரை அந்தத் தேங்காய்களுக்கு நீரோட்டம் தெரியுமோ என்னவோ, ரிக் லாரி எங்கே சௌகரியமாக நிற்கும் என்பது நன்றாகத் தெரியும். அன்றும் வண்டி வந்து திரும்புவதற்குத் தோதான மூலையில்தான் நிமிர்ந்தது. அந்த மூலையில் பொக்லைன் தப்பவிட்ட கறிவேப்பிலை மரம் ஒன்று இருந்தது. அக்காவின் தோட்டத்தில் மிச்சம் இருந்த ஒரே மரம். அதையும் வெட்டினார்கள்.

வெங்கடாசலத்தின் ரிக் வந்தது. பின்னாலேயே கம்ப்ரசர் லாரி வந்தது. உள்ளே நுழையச் சுற்றுச்சுவரை ஒரு பக்கம் இடித்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, வடக்கே நிற்பது போலவே இடுப்பில் கை வைத்து நின்றார். இத்தனை மாதத்தில் அவர் உண்மையாகச் சந்தோஷமாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். லெட்யூஸும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மனிதருக்கு ஓட்டை போட ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

காலையில் ஆரம்பித்த சத்தத்தில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அழுதன. கல்மாவு புகைந்து எழும்பித் தெருவில் காய்ந்த துணி, மாடி, மரம் எல்லாவற்றின் மேலும் சாம்பலாகப் படிந்தது. வழக்கமாக ஊரில் நிறுத்தும் ஆழத்தில் ஈரமே இல்லை. வெங்கடாசலம் நிறுத்தலாம் என்றார். மாமா இன்னும் ஆழம் போகச் சொன்னார். தன் கதைக்குள் தானே போய் உட்கார்ந்துகொண்டார் மனிதர். பொழுது சாயும் நேரம், ஆயிரம் அடியைத் தாண்டி, விரல் கனத்தில் தண்ணீர் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து வந்த கல்மாவும் சேறும் கலந்து கூழாக ஓடிப் பாத்திகளை எல்லாம் மூடிவிட்டது.

மாமா அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். தேன் மாதிரி இருப்பதாக எல்லோரிடமும் சொன்னார். நானும் போய் ஒரு கை பிடித்து வாயில் விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. உப்பென்றால் அப்படி ஒரு உப்பு. பழைய போர் தண்ணீரே அதற்குத் தேவலாம். அங்கேயே துப்பினேன்.

"ஏனுங்க மாமா, இதுல பருப்பு வெந்துட்டா என்ற பேரை மாத்திக்கறனுங்க" என்றேன்.

வெங்கடாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாமா என்னோடு வைகாசிவரை பேசவில்லை. எனக்கு அது நஷ்டம் இல்லை.

ஆனாலும் விடவில்லை அவர். அந்தத் தண்ணீரையே மறுபடி நட்ட நாற்றுகளுக்கு விட்டார். இலை ஓரம் கருகியது. விட்டார். நாற்று சாய்ந்தது. விட்டார். மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. நடுவதற்கு ஒன்றும் மிஞ்சாத பிறகு, வைகாசியில் ஒரு நாள், நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவைக் கூப்பிட்டார். வாக்குக் கொடுத்தபடி அவளுடைய இடத்தை அவளுக்கே தருவதாகச் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் இந்தச் சென்னியப்பன் என்று என் பக்கம் திரும்பியும் ஒருமுறை சொன்னார்.

அக்கா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கொத்தினாள். ணங் என்றது. ரிக் லாரி ஏறி இறங்கி இறுக்கிய தரை, அதன் மேல் காய்ந்து காரையாகிப் போன கல்மாவு, அதற்குள் இறங்கிய உப்பு. இன்னும் இரண்டு இடத்தில் கொத்திப் பார்த்தாள். ஆள் வைத்து மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தண்டங்கீரை விதை தூவினாள். முளைக்கவில்லை. மறுபடி தூவினாள். ஒன்றும் முளைக்கவில்லை. அன்றைக்குத்தான் என் அக்கா அழுது நான் பார்த்தேன். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். எனக்கு அந்த மனிதரை அந்த ஆயிரம் அடி ஓட்டைக்குள்ளேயே இறக்கி மூடியைப் போட்டுத் திருக வேண்டும் போல இருந்தது.

அவர் அதற்குள் எல்லாவற்றையும் கை கழுவிவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார். நம் மண்ணில் குறை, முறையான பயிற்சி இல்லாததும் குறை என்று முடிவு செய்து, ஆடியில் ஊட்டிக்குக் கிளம்பினார். அங்கே யாரோ சாலட் கீரை வளர்ப்பைச் சொல்லித் தருகிறார்களாம். மஃப்ளர் வாங்கினார், குல்லா வாங்கினார். பஸ் ஏற்றிவிட்டு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

அந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டு முன்புறம் மாமாவின் கோட்டை. முன்பு மாட்டுக் கொட்டகை இருந்த அந்த இடத்தை அவர் சிமெண்ட் கற்கள் பதித்து வழவழவென்று ஆக்கியிருந்தார். ஒரு பக்கம் கார் நிற்கும். நடுவில் அவருடைய ரிக்கில் துளைக்குள் இறக்கிய பழைய இரும்பு ராடுகளை வெள்ளி பெயிண்ட் அடித்து, அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். வருகிற எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அக்கா அங்கே கோலம் போடலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது.

என்னிடம் வந்து அவரை விதை இருக்கிறதா என்று கேட்டாள். போன வருஷம் அவள் கொடுத்த காயில் முற்றியதை, கொட்டைக் குழம்பு வைக்கலாம் என்று டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். சோம்பேறித்தனத்தில் குழம்பு வைக்கவே இல்லை. டப்பாவோடு கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை நான் போனபோது அதே பொக்லைன் வாசலில் நின்றது. ஓட்டுகிற தமிழரசு கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அண்ணனுக்குத் தெரிந்தால் தன்னைத் தொலைத்துவிடுவார் என்றான். அக்கா அவனிடம் கோபமாகவே பேசவில்லை.

"பின்னாடி இடிக்கறப்ப என்னைக் கேட்டியா சாமி? இப்ப முன்னாடி இடி" என்றாள்.

அவன் இடித்தான். கற்கள் பெயர்ந்து வந்தன. அடியில், இத்தனை வருஷம் மூடிக் கிடந்த கொட்டகை மண், கறுகறுவென்று கையில் உதிர்ந்தது. அக்கா அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். அப்புறம் அந்த வெள்ளி ராடுகளைக் காட்டி, நாலு மூலைக்கும் நடச் சொன்னாள். குறுக்கேயும் ராடு, மேலே கம்பி. பொட்டு வைத்த பாகம் மேலே வருகிற மாதிரி நட்டதுதான் அவள் அவருக்குக் காட்டிய ஒரே மரியாதை. காவிரித் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தது. ஆடிப் பட்டத்துக்கு அவரை விதை ஊன்றினாள். வரிசைக்கு நடுவில் வெண்டை, ஓரத்தில் தண்டங்கீரை. சுக்குட்டிக்கு மட்டும் என் வீட்டுச் சுவரோரம் முளைத்திருந்த கன்றுகளைப் பிடுங்கி வந்தாள்.

மாமா மஃப்ளரோடு வந்து இறங்கியபோது அவரைச் செடி இரண்டு இலை விட்டிருந்தது. நான் வேண்டுமென்றே அன்று அங்கே இருந்தேன். கேட்டுக்கு வெளியே பையோடு நின்றவர், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பக்கத்து வீட்டையும் பார்த்தார். பிறகு ராடுகளைப் பார்த்தார். முகம் சிவந்து, வாய் திறந்து, யார் செய்தது என்று கேட்டார். அவர் கத்தினால் பதில் சொல்ல நான் ஒரு வண்டி வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை. அக்கா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு போகம் பாருங்க. வரலேன்னா உங்க எடம் உங்களுக்கே" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். வாக்கைக் காப்பாற்றுகிறவன் என்று தனக்குத்தானே பட்டம் கொடுத்துக்கொண்ட மனிதர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் போகம் இன்னும் முடியவில்லை. அவரை ஓயும்போது பீர்க்கை ஏறுகிறது. பீர்க்கை ஓயும் முன் புடலை. ஒன்று தரையில் இருக்கும்போதே இன்னொன்றை ஊன்றிவிடுகிறாள் அக்கா. மாமாவின் கார் தெருவில் வெயிலில் நிற்கிறது. பின்கட்டில் மூடி போட்ட போர் ஒன்று, அதைச் சுற்றி உப்பு பூத்த தரை. அங்கே ஒருவரும் போவதில்லை. யாராவது வந்தால் மாமா பந்தலைக் காட்டி, இந்த ராடெல்லாம் ராஜஸ்தானில் ஓடியது, எத்தனை பாரம் ஏற்றினாலும் தாங்கும் என்கிறார். பந்தல் தன் யோசனை என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டார். சொல்லட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. என் கையிலும் தினமும் காலையில் ஏதாவது இருக்கிறது.

கொடி அடர்ந்து இப்போது வாசலை மறைத்துத் தொங்குகிறது. வெட்டிவிடச் சொன்னார், காய் பிடிக்கும் நேரம் என்று அவள் வெட்டவில்லை. வீட்டுக்குள் போவதென்றால் மாமா குனிந்துதான் போக வேண்டும். அதைப் பார்ப்பதற்காகவே நான் காபியை மெதுவாகக் குடிக்கிறேன்.